மகரந்தத் துகளுக்குள் ஓர் உரையாடல்

 

நம் பேராக் மாநிலத்தில் பால்மரத் தோட்டங்கள் பல செம்பனைத் தோட்டங்களாக மாறியதை நாம் அறிவோம். செம்பனையில் ஆண் பூங்குலை வேறு. பெண் பூங்குலை வேறு. 1981ஆம் ஆண்டில் கமரூன் நாட்டு மூக்கு வண்டு இந்நாட்டில் விடப்படும் வரை, மகரந்தத்தை டால்க் மாவுடன் கலந்து பெண் பூங்குலைகள்மீது தூவும் வேலையைப் பல தோட்டங்களில் தொழிலாளரே செய்தனர். அவர்கள் தூவிய ஒவ்வொரு துகளுக்குள்ளும் நிகழ்வது யாது?

ஒரு துகளுக்குள் பெரிய உயிரணு ஒன்று உண்டு. அதன் வயிற்றுக்குள் சிறிய உயிரணு ஒன்று அடங்கியிருக்கும். சிறியது இரண்டாகப் பிரிந்து ஆண் அணுக்களாகும். துகள் சூல்முடியில் விழுந்ததும், பெரியது நீண்ட குழலாக வளர்ந்து அவ்விரண்டையும் சூல் வரை சுமந்து செல்லும். அங்கே குழல் வெடிக்கும், பெரியது மடியும். ஆண் அணுக்களுள் ஒன்று முட்டையுடன் கூடிக் கருவைத் தரும். மற்றது வேறோர் உயிரணுவுடன் கூடிக் கருவுக்கு உணவைத் தரும். நாம் உண்ணும் தேங்காய்ப் பருப்பு அவ்வுணவே! இவ்விரட்டைக் கூடலை 1898இல் கண்டறிந்தவர் ரஷ்ய அறிஞர் நவாஷின்.

சுமப்பதும் சுமக்கப்படுவதும் தம்முள் தொடர்பு கொள்கின்றனவா? ஆம். கடுகுக் குடும்பத்து அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில், ஆண் அணுவின் மெல்லிய நீட்சி பெரியதன் உட்கருவைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. 2009இல் வெளியான ஆய்வொன்று மேலும் ஒரு வியப்பைக் காட்டிற்று. மரபுப் பொருளில் இடம்விட்டு இடம் தாவித் தீங்கு விளைக்கும் பகுதிகள் உண்டு. பெரிய உயிரணு தன்னிடம் உள்ளவற்றை அடக்காது விடுகிறது. அவற்றிலிருந்து ஆர்.என்.ஏ. எனும் நுண்துணுக்குகள் பிறக்கின்றன. அவை எச்சரிக்கை மடல்போல் ஆண் அணுக்களை அடைந்து, அங்குள்ள தீய பகுதிகளை அடக்க உதவுகின்றன என்பது அறிஞர் கருத்து. மடியப்போகும் பெரியதற்கு நேரும் கேடு சந்ததியைச் சேராது. ஆண் அணுவுக்கு நேர்ந்தால் வழிவழியாகத் தொடருமன்றோ?

உயிரணுவுக்கு எண்ணமில்லை, தியாகம் என்பது நாம் சூட்டும் பெயரே. எனினும், அன்று அத்தூளைத் தூவிய பாட்டிமார் பலருக்கு அதனுள் இருப்பதைக் கற்க வாய்ப்பு இருந்ததில்லை. மாணவர்களே, உங்களுக்கு உண்டு. இன்று மாலை வீடு சென்றதும் இதனை அவர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் அறிந்த தோட்டத்துச் செய்திகளையும் கேட்டு வாருங்கள்.