விலைப்பலகை வந்த பிறகு

விடியுமுன் தக்காளிக் கூடைகளோடு மண்டிக்குப் போகும் சம்சாரிக்கு, அன்றெல்லாம் தன் சரக்கின் விலை அடுத்தவர் சொல்லித்தான் தெரியும். கமிஷன், இறக்குக்கூலி, கழிவு எல்லாம் போக மிஞ்சியதை மடியில் முடிந்துகொண்டு ஊர் திரும்புவார். இதற்காக மண்டிக்காரரைத் திட்டாதவர் கிடையாது. ஆனால் விதை வாங்கவும் மகள் கல்யாணத்துக்கும் முன்பணம் கொடுத்தவரும் அவரே. அந்தக் கடன்தான் மறுபடி அதே மண்டிக்கு இழுத்தது.

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில், இடைத்தரகர் இல்லாமல் விவசாயியே விற்கும் முதல் உழவர் சந்தை திறந்தது. பஞ்சாபிலும் ஆந்திராவிலும் முன்பே நடந்துகொண்டிருந்த ஏற்பாடுதான். கடை வாடகை இல்லை, தராசு இலவசம், காய்கறியைப் பேருந்தில் ஏற்றிவரக் கட்டணம் இல்லை. தினமும் காலையில் பலகையில் விலை எழுதுவார்கள்: மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, வெளிச் சில்லறை விலையைவிட 15 சதவீதம் குறைவு. அரசு விலையைக் கையிலெடுத்தது என்றாலும் கணக்கு தொடங்கியது மண்டி விலையிலிருந்துதான். இந்த அடக்கம் எனக்குப் பிடிக்கிறது.

2001இல் ஆட்சி மாறியதும் பல சந்தைகள் களையிழந்தன. 2006இல் மறுபடி ஆட்சி மாறிய பிறகு உயிர்பெற்றன. கோவை ஆர்.எஸ்.புரம் சந்தையில் இன்றும் காலையில் கூட்டம் முட்டுகிறது. வேறு சில ஊர்களில் உள்ளே கடைகள் காலியாகக் கிடக்க, வாசலில் தள்ளுவண்டி வியாபாரம் அமோகம். இங்கே விற்க விவசாயிக்குத் தரும் அட்டையோடு வியாபாரி உட்கார்ந்திருக்கிறார் என்ற புகாரும் ஓயவில்லை.

2020 ஊரடங்கில் பேருந்து நிலையங்களே காய்கறிச் சந்தைகளாயின. வயலில் தேங்கிய தர்ப்பூசணியையும் தக்காளியையும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் பிடித்து அடுக்குமாடி வாசலில் இறக்கியவர்கள் தன்னார்வ இளைஞர்கள். எந்த அலுவலகமும் அவ்வளவு வேகமாக இயங்கியிருக்காது. ஆனால் வேலைக்குத் திரும்ப வேண்டிய நாள் வந்ததும் பெரும்பாலோர் கலைந்தார்கள். அதைக் குறை சொல்ல முடியாது, அது அவர்கள் பிழைப்பு அல்லவே. மிஞ்சியவர்கள் ஞாயிற்றுக்கிழமை இயற்கைச் சந்தைகளில் தெரிகிறார்கள். மருந்தடிக்காமல் விளைந்ததா என்று தோட்டத்துக்கே போய்ப் பார்த்துவருகிறார்கள்.

உழவர் சந்தை அட்டைக்கும் அப்படித்தான் தோட்டத்தை நேரில் பார்த்துச் சான்று தர வேண்டும் என்பது விதி. கத்தரி போட்டிருப்பதாக அட்டை வாங்கியவர் வயலில் இந்தப் பருவம் என்ன நிற்கிறது என்று ஆண்டுக்கு இரண்டு முறையாவது போய்ப் பார்க்க ஆள் வேண்டும். அதற்குச் சம்பளத்துக்கு ஆள் போட வேண்டியது அரசுதான்.