மெலிவு ஒன்று, சொல் பல

மாணவன் ஒருவன் தன் தாயைப் பற்றி ஆங்கிலத்திலே கட்டுரை எழுதியிருந்தான். தந்தையை இழந்த குடும்பம். பிள்ளைகள் உண்டபின் எஞ்சியதை உண்டு மெலிந்தவள் அத்தாய். அம்மெலிவைக் கூற ‘தின்’ என்னும் சொல் மிகச் சாதாரணமானது என்றெண்ணிய பையன், ஒருபொருட் சொற்களின் அகராதியைப் புரட்டி, ‘ஸ்கின்னி’ என்று எழுதிவிட்டான். வகுப்பிலே அதனை வாசித்தபோது பின் வாங்கிலிருந்து சிரிப்பொலி எழுந்தது. பையனுடைய முகம் வாடிவிட்டது.

அவன் செய்தது இலக்கணப் பிழையன்று. பொருளும் ஏறக்குறைய அதுவே. பின் பிழை யாது? சொல்லின் தொனியை அவன் அறிந்திலன்.

‘தின்’ என்பது மெலிவை மாத்திரம் கூறும். புகழவும் மாட்டாது, இகழவும் மாட்டாது. ‘ஸ்லெண்டர்’, ‘ஸ்லிம்’ என்பன அழகிய மெலிவைப் பாராட்டும் சொற்கள். ‘லீன்’ என்றால் கொழுப்பின்றி இறுகிய உடல், ஓட்டவீரனுக்குப் பொருந்தும். ‘ஸ்கின்னி’ என்பதோ எலும்புந் தோலுமான தோற்றத்தை எள்ளி நகைப்பது. ‘கோண்ட்’ என்பது பசியாலோ துயராலோ ஒட்டிய முகத்தைக் காட்டும். நோயாலும் பட்டினியாலும் உருக்குலைந்தவரை ‘எமேஷியேட்டட்’ என்பர். இன்னுமொன்று: நீர்த்த கஞ்சியைத் ‘தின்’ எனலாம், ‘ஸ்லெண்டர்’ என்றால் கேட்போர் நகைப்பர்.

பீட்டர் மார்க் ரொஜே என்ற ஆங்கில மருத்துவர் 1852ஆம் ஆண்டிலே தமது புகழ்பெற்ற சொற்களஞ்சியத்தை வெளியிட்டார். கருத்து வாரியாகச் சொற்களைத் தொகுத்த நூல் அது. நம் முன்னோர் மனனஞ் செய்த சூடாமணி நிகண்டும் ஒரு பொருளுக்குரிய பல பெயர்களைத் திரட்டித் தருவதன்றோ? ஆயினும், இத்தகைய நூல்கள் சொற்களை வரிசையாக நிறுத்துமேயன்றி, எவ்விடத்திற்கு எச்சொல் தகும் என்று தீர்ப்புக் கூறா. அது எழுதுவோன் கடமை.

ஆதலின், மாணவர்களே, புதுச்சொல்லொன்றை எடுக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இச்சொல் புகழ்கிறதா, இகழ்கிறதா? எப்பொருளோடு சேர்ந்து வழங்குகிறது? உரியவர் முன்னிலையில் இதைக் கூற நாக்கூசுமா? முதலிரு கேள்விகளுக்கும் உதாரண வாக்கியங்கள் தரும் நல்ல அகராதி விடை பகரும். மூன்றாவதற்கு உங்கள் உள்ளமே விடை.

தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு. ‘கொடியிடையாள்’ என்பதும் ‘நோஞ்சான்’ என்பதும் ஒன்றாகுமா? தாய்மொழியிலே நம் செவி தானே எச்சரிக்கும். பிறமொழியிலோ அச்செவியை வாசிப்பினாலேயே பெறல் வேண்டும்.

அப்பையனுடைய கட்டுரையில் நான் திருத்தியது ஒரு சொல்லே. அவன் வெட்டிய ‘தின்’ என்பதையே மீண்டும் எழுதுவித்தேன். “ஏன் மெலிந்தாள் என்பதையும் ஒரு வாக்கியத்திலே சொல்” என்றேன். அவன் எழுதினான்: “நாங்கள் உண்டபின்பே அம்மா உண்பாள்.” அதனை வாசித்தபோது வகுப்பிலே ஒருவரும் சிரிக்கவில்லை.