பெயர்ப்பலகை எழுதிய சிறுவனும் உரோமைக் கல்வெட்டும்

மேனிலைப் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் பங்குக் குடும்பங்கள் பல நம்மை நாடி வருவதுண்டு. மகன் பொறியியலோ, மகள் செவிலியர் பயிற்சியோ விரும்பினால், எந்தக் கல்லூரி நல்லது என்று மட்டுமே பெற்றோர் கேட்பர். ஆனால் பிள்ளை வரைகலை வடிவமைப்புப் பயில வேண்டும் என்று சொல்லிவிட்டால் அவர்கள் முகத்தில் கலக்கம் தோன்றிவிடுகிறது. படம் வரைந்து பிழைக்க முடியுமா என்பது அவர்களுடைய முதற் கேள்வி. கிறிஸ்தவப் பல்கலைக்கழகம் என்பது இறையியலும் மெய்யியலும் கற்பிக்கும் இடமன்றோ, விளம்பரம் எழுதும் வேலைக்கு அங்கே என்ன இடம் என்பது, வாய்விட்டுச் சொல்லாத இரண்டாம் கேள்வி. இவற்றுக்கு நாம் வாதத்தால் விடைகூறப் போவதில்லை. அமெரிக்க நாட்டில் வாழ்ந்து மறைந்த கத்தோலிக்கக் குரு ஒருவரின் வரலாற்றையே வாசகர்முன் வைக்கிறோம்.

அயோவா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் டேவன்போர்ட் என்னும் நகர் உள்ளது. அதன் முதல் ஆயரான ஜான் மக்முல்லன் 1882-ஆம் ஆண்டில் புனித அம்புரோசியார் பெயரால் அங்கே ஒரு கல்விக்கூடத்தை நிறுவினார். குருமடமாகவும், இளைஞருக்கு வணிகக் கல்வி அளிக்கும் பள்ளியாகவும் அது ஒருங்கே அமைந்தது. பலிபீடப் பணிக்குச் செல்வோரும் கணக்கேடு எழுதச் செல்வோரும் ஒரே இடத்தில் படித்தனர். பின்னர் அது கல்லூரியாக வளர்ந்து, 1987-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் என்னும் பெயர் பெற்றது. அங்கேதான் அருட்தந்தை எட்வர்டு கேட்டிச், 1979-ஆம் ஆண்டில் இறைவனடி சேரும்வரை, ஓவியமும் எழுத்துக் கலையும் கற்பித்தார்.

அவர் 1906-ஆம் ஆண்டில் மொன்டானா மாநிலத்தில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, இல்லினாய் மாநிலத்தில் மூஸ்ஹார்ட் என்னும் அநாதைச் சிறுவர் இல்லத்தில் வளர்ந்தார். அங்கே பிள்ளைகளுக்கு ஏட்டுக் கல்வியோடு கைத்தொழிலும் கற்பிக்கப்பட்டது. அவருக்கு வாய்த்தது, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் தொழில். பின்னர் சிக்காகோ நகரில் அத்தொழிலாலேயே பிழைத்துக்கொண்டு ஓவியப் பள்ளியிலும் பயின்றார். எக்காளம் ஊதுவதில் வல்லவராதலால் இசைக் குழுக்களிலும் சேர்ந்து வாசித்தார். பகலில் கடைப்பலகை, இரவில் இசைக்குழு என்று திரிந்த ஓர் இளைஞனைக் குருத்துவத்துக்கு உரியவன் என்று நம்மில் எத்தனை பங்குத் தந்தையர் கண்டுகொண்டிருப்போமோ, அறியோம். புனித அம்புரோசியார் கல்லூரியில் பட்டம் பெற்ற அவர் உரோமைக்குச் சென்று குருத்துவப் படிப்பை முடித்து, 1938-ஆம் ஆண்டில் குருப்பட்டம் பெற்றார்.

உரோமையில் பயின்ற காலத்தில் ஒரு கல் அவரை ஈர்த்தது. பேரரசன் திராயானின் வெற்றித் தூண் கி.பி. 113-ஆம் ஆண்டில் எழுப்பப்பட்டது. அதன் அடிப்பீடத்தில் ஒரு பளிங்குப் பலகையும், அதில் ஆறு வரிகளில் இலத்தீன் எழுத்துகளும் உண்டு. உரோமை எழுத்துகளுள் இவையே தலைசிறந்தவை என்று கலைஞர் போற்றுவர். இன்று ஆங்கில நூல்களில் நாம் காணும் பெரிய எழுத்துகளுக்கு இத்தகைய கல்வெட்டு எழுத்துகளே முன்மாதிரி.

அவ்வெழுத்துகளின் முனைகளில், கோடு முடியும் இடந்தோறும், சிறு பாதம் போன்ற ஒரு குறுக்குக் கீற்று இருக்கும். அச்சுத் தொழிலாளர் இதனைச் செரிப் என்பர். இது எங்கிருந்து வந்தது? கல்தச்சன் கோட்டைச் செதுக்கி முடிக்கையில், முனை ஒழுங்காக அமையும் பொருட்டு உளியைக் குறுக்கே வைத்துத் தட்டினான், அதனால் வந்தது என்பதே அறிஞர் பலரின் கருத்தாக இருந்தது. கேட்க நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அக்கருத்தை உரைத்தவர் பலர், இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ள சுதை வார்ப்பையே சான்றாகக் கொண்டனர். கேட்டிச் அடிகளோ கல்லையே நேரில் ஆராய்ந்தார். கல்வெட்டு ஆய்வாளர் செய்வதுபோல, தாளை ஒற்றித் தேய்த்துப் படியெடுத்தார்.

அறிஞர் கண்ணுக்குத் தப்பியது பலகை எழுதிப் பழகிய கைக்குப் புலப்பட்டது. அந்தக் கோடுகள் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தன. வட்டமான எழுத்தின் தடித்த பகுதிகள் நேர் பக்கவாட்டில் இல்லாமல் சற்றே சாய்ந்திருந்தன. உளிக்கு இப்படிச் செய்யவேண்டிய தேவை எதுவும் இல்லை. எத்திசையிலும் ஒரே அளவாக வெட்டிச் செல்ல அதனால் முடியும். தட்டையான தூரிகையைச் சாய்த்துப் பிடித்து எழுதினால் மட்டுமே இந்தத் தடிப்பும் மெலிவும் தாமாகவே விழும். கோட்டின் முடிவில் எழுதுபவன் தூரிகையைச் சற்றே திருப்பி எடுக்கிறான். அங்கேதான் அந்தச் சிறு பாதம் பிறக்கிறது. முதலில் எழுத்தாளன் ஒருவன் பளிங்கின்மேல் தூரிகையால் எழுதினான், பின்னரே அக்கோடுகளைப் பின்பற்றி உளி சென்றது என்பது அவருடைய முடிவு. தூரிகையைப் பற்றி லெத்தபி என்னும் ஆங்கில அறிஞர் முன்னரே கருதியதுண்டு. ஆயினும் கோடு கோடாக எழுதிக் காட்டி விளக்கியவர் இவரே. 1968-ஆம் ஆண்டில் செரிப்பின் தோற்றம் குறித்து அவர் வெளியிட்ட நூல் இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. அதனை வெளியிட்டது அவருடைய சொந்த அச்சகம். தம் பெயரின் ஒலியோடு விளையாடி, அதற்குக் கெளுத்தி மீனின் ஆங்கிலப் பெயரை அவர் சூட்டியிருந்தார். குருக்களுக்கும் நகைச்சுவை உண்டு என்பதை வாசகர் மன்னிப்பார்களாக!

கருவியே எழுத்துக்கு உருக்கொடுக்கிறது என்பது தமிழருக்குப் புதிதன்று. எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்பதால் நம் முன்னோர் புள்ளியின்றியே எழுதினர். அதனால் எகரமும் ஏகாரமும், ஒகரமும் ஓகாரமும் வேறுபாடின்றி மயங்கிக் கிடந்தன. அவற்றை வேறுபடுத்தி வரிவடிவம் வகுத்தவர் நம் வீரமாமுனிவர். எழுத்தின் வடிவம் குருவுக்கு ஏற்ற அலுவல் அன்று என்பார்க்கு இந்த ஒரு பெயரே போதும்.

டேவன்போர்ட்டில் விதைத்தது வேறிடத்திலும் முளைத்தது. கேட்டிச் அடிகளிடம் பயின்றவர்களுள் இராபர்ட் பல்லடினோ என்பவர் ஒருவர். திராப்பிஸ்ட் துறவியாகவும் குருவாகவும் இருந்த இவர், துறவு மடத்தை நீங்கியபின், 1969-ஆம் ஆண்டு முதல் ஆரெகன் மாநிலத்தின் ரீட் கல்லூரியில் எழுத்துக் கலை கற்பித்தார். அக்கல்லூரியில் 1972-ஆம் ஆண்டில் சேர்ந்து, விரைவிலேயே படிப்பைக் கைவிட்ட மாணவர் ஒருவர், அவ்வகுப்பில் மட்டும் வந்து அமர்ந்திருந்தார். அவரே ஸ்டீவ் ஜாப்ஸ். 1984-ஆம் ஆண்டில் வெளிவந்த மெக்கின்டாஷ் கணினியில் பலவகை எழுத்துருக்கள் அழகாக அமைந்ததற்கு அந்த வகுப்பே காரணம் என்று 2005-ஆம் ஆண்டில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக மேடையில் அவர் கூறினார். திராயான் கல்வெட்டும் கணினிக்குள் புகுந்துவிட்டது. 1989-ஆம் ஆண்டில் அடோபி நிறுவனத்துக்காகக் கேரல் டுவாம்பிளி என்னும் பெண்மணி அதனை எழுத்துருவாக்கினார். அமெரிக்கத் திரைப்பட விளம்பரங்களில் அவ்வெழுத்தைப் பலமுறை காணலாம்.

ஆகவே, பிழைக்க முடியுமா என்ற கேள்விக்கு, தேர்ந்த கைக்கு வேலை உண்டு என்பதற்கு மேல் நாம் சொல்ல வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தினால் கணினியே படம் வரைந்து தரும் இக்காலத்தில், வந்த படம் நன்றா தீதா என்று கண்டு சொல்லும் கண்ணுக்கே மதிப்பு உயரும் என்று நாம் எண்ணுகிறோம். இரண்டாம் கேள்விதான் நம்மை அதிகம் சிந்திக்க வைக்கிறது. மதுக்கடைப் பலகையை எழுதும் தூரிகையே மருத்துவமனைப் பலகையையும் எழுதுகிறது. மருந்துப் புட்டியில் அளவைக் குறிக்கும் எண் தெளிவாக இல்லாவிடில், இரவில் விளக்கொளி குறைந்த வீட்டில் ஒரு தாய் தன் குழந்தைக்கு ஊற்றுவது மருந்தா நஞ்சா? பொய்யை அழகாகக் காட்டவும், உண்மையைத் தெளிவாகக் காட்டவும் ஒரே திறமை போதும். எதற்கு அதனைப் பயன்படுத்துவது என்பதை மாணவன் கற்க வேண்டிய இடம் எது? மெய்யியல் வகுப்புக்கும் ஓவிய வகுப்புக்கும் இடையே நடந்து செல்லும் தூரமே உள்ள இடத்தில் அதனைக் கற்பது எளிது. கேட்டிச் அடிகள் போன்ற ஆசிரியர் அங்கே வாய்ப்பாரா என்பது வேறு செய்தி. எல்லாக் கிறிஸ்தவக் கல்லூரிகளும் அவ்வாறு உள்ளன என்று நாம் சொல்ல முன்வரவில்லை.

பெற்றோர் கல்லூரியைப் பார்க்கச் செல்லும்போது, குளிரூட்டப்பட்ட கணினி அறையை மட்டும் கண்டு திரும்பிவிட வேண்டாம். முதலாண்டு மாணவரின் பயிற்சி ஏடுகளைக் காட்டுமாறு கேளுங்கள். அவற்றில் கையால் வரைந்த எழுத்துகள் உள்ளனவா, ஆசிரியர் அவற்றைத் திருத்திய அடையாளம் உள்ளதா என்று பாருங்கள். ஆங்கில எழுத்தோடு தமிழ் எழுத்தையும் அங்கே வரைகிறார்களா என்பதையும் கேட்டு வாருங்கள்.