ஒரு கோடிச் சீட்டும் சில இழுப்பறைகளும்

புனே நகரத்து எரவாடாப் பகுதியிலே, 1821-இல் தோன்றிய டெக்கான் கல்லூரி என்னும் பழைய வித்யா ஸ்தாபனத்தில், சம்ஸ்கிருதச் சொல் ஒவ்வொன்றும் எக்காலத்தில், எந்நூலில், என்ன பொருளில் வழங்கிற்று என்பதைச் சரித்திர முறைப்படி காட்டும் பேரகராதி ஒன்றை 1948-ஆம் ஆண்டு பேராசிரியர் எஸ். எம். கத்ரே தொடங்கி வைத்தார். வித்வான்கள் பலர் கால் நூற்றாண்டுக் காலம் ஒரே சிரத்தையாக உட்கார்ந்து, ரிக்வேதம் முதலாக, வைத்தியம், கணிதம், தர்க்கம், சிற்பம் என்று ஏறக்குறைய 1,500 கிரந்தங்களைப் படித்துச் சொற்களைச் சீட்டுகளில் எழுதி வந்ததில், சீட்டுகளின் தொகை ஒரு கோடியை எட்டிவிட்டது.

ஒரு கோடிச் சீட்டை எங்கே வைப்பது? மூட்டை கட்டிப் பரணில் போடலாம்தான். அப்படிப் போட்டவை என்ன கதியை அடையும் என்பதை, நம் சர்க்கார் கச்சேரிகளின் ரிக்கார்டு அறைக்குள் ஒருமுறை நுழைந்து தும்மியவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டெக்கான் கல்லூரியார் இதற்கென்றே 3,000-க்கு மேற்பட்ட உலோக இழுப்பறைகளை அமைத்தார்கள். அவற்றுள் ஒன்றை இழுத்தால், சொல், அது வரும் நூல், இடம், வாக்கியம், இலக்கண வகை ஆகிய குறிப்புகளைத் தாங்கிய சீட்டுகள் அகர வரிசையில் நெருக்கமாக நிற்கும். புதிய சீட்டு ஒன்று வந்தால் அதற்குரிய இடத்தில் செருகிவிடலாம். மற்றவற்றின் வரிசை குலைவதில்லை. 1976-இல் முதல் தொகுதி வெளிவந்து, பிறகு 35 தொகுதிகள் வரை அச்சேறியும், அகராதி இன்னும் அகரத்தைத் தாண்டவில்லையென்றால், இத்தனை தலைமுறைகள் கைமாறியும் சீட்டுகள் இடம் மாறாமல் காத்த ஏற்பாட்டின் அருமை விளங்கும்.

அந்நகரத்தை அடுத்த பிம்ப்ரி, சிஞ்ச்வட், போசரி வட்டாரங்களின் தொழிற்பட்டறைகளில் சொல்லுக்குப் பதில் டிரில் பிட்டும் ஸ்பேனரும் மைக்ரோமீட்டரும் இருக்கின்றனவே தவிர, பிரச்னை ஒன்றுதான். சாதாரண அலமாரியில் தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே பாதி இடம் வெறுங்காற்றாய்ப் போகிறது. பின்வரிசைச் சாமானை எடுக்க முன்வரிசையைக் கலைத்தாக வேண்டும். இக்காலத்து மாடுலர் டிராயர் கேபினட் இவ்விரு குறைகளையும் நீக்குகிறது. ஒரே சட்டத்தினுள் உயரம் குறைந்தனவும் மிகுந்தனவுமான இழுப்பறைகளை வேண்டியபடி மாற்றிப் பொருத்தலாம். உள்ளே தகட்டுத் தடுப்புகளை நகர்த்தி, ஸ்பேனர் ஒன்றுக்கு ஒரு குழி, பிட் ஒன்றுக்கு ஒரு குழி என்று வகுக்கலாம். பேரிங் வைத்த தண்டவாளத்தில் அறை முழுவதும் வெளியே வந்துவிடுவதால், கடைசி மூலையில் கிடப்பதும் மேலிருந்து பார்க்கக் கண்ணில் படும். கனமானவற்றைக் கீழறையிலும், அடிக்கடி எடுப்பவற்றை இடுப்பு உயரத்திலும் வைப்பது உத்தமம். ஒன்று திறந்திருக்கையில் மற்றொன்று திறவாதபடி செய்யும் பூட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது அத்தியாவசியம். இரண்டு மூன்று அறைகளைச் சேர்த்து இழுத்தால் பெட்டியே முன்னால் சாய்ந்து காலில் விழக்கூடும்.

என் அபிப்பிராயத்தில், நம் பட்டறைக்காரர்கள் தவறுவது பெட்டியைத் தேர்ந்தெடுப்பதில் அன்று. அதன் முகத்தில் பெயர்ச் சீட்டு ஒட்டாமல் விடுவதில்தான். பெயரில்லாத பத்து அறைகளைவிட, கண்ணெதிரே கிடக்கும் குவியல் எவ்வளவோ மேல். குவியலிலாவது ஓரிடத்தில் தேடினால் போதும். வாங்க நினைப்பவர்கள், தம்மிடமுள்ள சாமான்களை முதலில் தரையில் பரப்பி, வகை பிரித்து, வேண்டாததைக் கழித்து, எஞ்சியவற்றின் நீள அகலமும் எடையும் குறித்துக்கொண்டு, அதன் பிறகே கடைக்குச் செல்வார்களாக.