மழைக்கு மறுநாள் தண்ணீர்

"தண்ணியே எடுக்க மாட்டேங்குது தம்பி. மோட்டார் போயிடுச்சோ?"

கேமரன் மலையில் ஹபு பக்கம் ஒரு தோட்ட வீடு. பசியாற உட்காரும்போதே அக்கா கேட்டுவிட்டார். முந்தின நாள் மத்தியானம் முழுக்க மழை. நான் வாஷிங் மெஷினிடம் போகவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்து ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் பிடித்து ஜன்னலோரம் வைத்தேன். தேநீர் ஆறுவதற்குள் குவளையின் அடியில் செம்மண் நகக் கனத்துக்குப் படிந்துவிட்டது. மோட்டாருக்கு ஒன்றுமில்லை என்று அப்போதே தெரிந்தது.

கேமரன் மலையில் துணி துவைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மெஷினை அல்ல, தண்ணீரை. சரிவுகளில் காய்கறித் தோட்டத்துக்காக மண்ணைத் திறந்துவிட்டால் மழை அதை ஓடைக்குக் கொண்டுபோகிறது. ரிங்லெட்டில் 1963இல் கட்டி முடித்த சுல்தான் அபுபக்கார் அணையின் ஏரியில் வண்டல் சேர்ந்து சேர்ந்து, அதைத் தோண்டி எடுப்பதே தீராத வேலையாகிவிட்டது. ஓடைத் தண்ணீரை நேரே குழாயில் இறக்கிக்கொள்ளும் வீடுகளுக்கும் அதே வண்டல்தான் வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாக.

அதைத் தடுத்து நிறுத்துவது சுண்டுவிரல் நுனி அளவுள்ள ஒரு சல்லடை. தண்ணீர்க் குழாய் மெஷினின் முதுகில் சேரும் இடத்தில், வால்வின் வாய்க்குள் அது இருக்கும். பிளக்கைக் கழற்றுங்கள், தண்ணீர்க் குழாயை மூடுங்கள், திருகைக் கழற்றி, கூர்மூக்குக் குறடால் சல்லடையை மெதுவாக இழுங்கள். பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும். எல்ஜி மெஷினில் "ஐஈ", சாம்சங்கில் "4சி" அல்லது "4ஈ" என்று எழுத்து வந்தால், தண்ணீர் போதவில்லை என்று அது சொல்கிறது. அப்போது முதலில் இந்தச் சல்லடையைப் பாருங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. சல்லடையைத் தூக்கி எறிந்துவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. அதை மட்டும் செய்யாதீர்கள். மண் வால்வுக்குள் போய் உட்கார்ந்தால் வால்வு முழுதாக மூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் டிரம்முக்குள் தண்ணீர் சொட்டினால் வால்வு கெட்டுவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

சல்லடை சுத்தமாக இருந்தும் தண்ணீர் மெல்ல வந்தால் தொட்டியின் உயரத்தைப் பாருங்கள். மெஷின் குழாயைவிட ஒவ்வொரு 10 மீட்டர் மேலே இருக்கும் தண்ணீரும் ஏறத்தாழ 1 பார் அழுத்தம் தரும். பல மெஷின்களின் கையேடு குறைந்தது 0.5 பார் கேட்கும். அதாவது தொட்டி 5 மீட்டராவது மேலே இருக்க வேண்டும். வீட்டுக் கூரையில் வைத்த தொட்டி இதற்குப் பெரும்பாலும் போதாது, மேட்டில் வைத்த தொட்டி போதும்.

அக்கா இரண்டாவது குவளை ஊற்றும்போது சவர்க்காரத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் ஒரு பெரிய கரண்டியைக் காட்டினார், அது நிறைய மூன்று! எனக்கு மனசு பதறியது. இந்த மெஷினைக் கொல்வதில் மண்ணைவிடச் சவர்க்காரத்துக்குத்தான் பங்கு அதிகம்.

கேமரன் மலை உள்ள தீத்திவங்சா மலைத்தொடர் கருங்கல் மலை. அதிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு. மென்மையான தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரத்துக்கே நிறைய நுரைக்கும். தமிழ்நாட்டில் ஆழ்குழாய்க் கிணற்று உப்புத் தண்ணீரில் துவைக்கும் சொந்தக்காரர் "தூளை அள்ளிப் போடு, மாதாமாதம் வினிகர் ஊற்று" என்று சொன்னால், அங்கே அதற்குக் காரணம் உண்டு. இங்கே இல்லை. வினிகரை அடிக்கடி ஊற்றினால் ரப்பர்தான் கெடும். குளோரின் பிளீச்சோடு அது சேர்ந்துவிட்டால் நச்சுவாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து.

முன்பக்கக் கதவுள்ள மெஷின் குறைந்த தண்ணீரில், துணியைத் தூக்கித் தூக்கிப் போட்டுத் துவைக்கிறது. நுரை மிஞ்சினால் துணி விழும் அடி மெத்தையில் விழுந்தது போல ஆகிவிடும்; அழுக்குப் போகாது. பம்பால் நுரையை வெளியே தள்ளவும் முடியாது. மெஷின் தண்ணீர் மட்டத்தை அறிவது ஒரு சிறு காற்றுக் குழாய் வழியாக. சவர்க்காரச் சேறு அதை அடைத்தால் தொட்டி நிறைந்ததா காலியா என்று மெஷினுக்கே தெரியாமல் போகும். டிரம்முக்குப் பின்னால் அதைத் தாங்கி நிற்கும் மூன்று கை உலோகச் சட்டம் பெரும்பாலும் அலுமினியக் கலவை. டிரம்மோ துருப்பிடிக்காத எஃகு. இரண்டுக்கும் இடையில் ஈரமான காரச் சேறு ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்தால் சட்டம் அரித்துப்போய் ஒருநாள் முறியும். அதன் பிறகு செலவழிப்பதில் பொருளில்லை. நுரை குறைந்த திரவச் சவர்க்காரமாக வாங்கி, எட்டுக் கிலோ மெஷினுக்கு இரண்டு மேசைக்கரண்டி போடுங்கள். சந்தேகமிருந்தால் துணியும் சவர்க்காரமும் இல்லாமல் 60 பாகையில் ஒரு முறை ஓட்டிக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். நுரை தெரிந்தால் பழைய சவர்க்காரம் உள்ளே தங்கியிருக்கிறது.

குளிரும் இதில் ஒரு கூட்டாளி. இந்த மலையிலுள்ள தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் 15 பாகை அளவுக்கு இறங்கும் ஊரில் குழாய்த் தண்ணீரும் சில்லென்றுதான் இருக்கும். அதில் தூள் சரியாகக் கரையாமல் கட்டிக்கட்டியாய்த் தங்கும். எப்போதும் பச்சைத் தண்ணீரிலேயே துவைத்து, கதவையும் மூடி வைத்தால், கதவு ரப்பரின் மடிப்பில் கருப்புப் பூஞ்சை பிடிக்கும், பழைய சாக்கு நாற்றம் துணியில் ஏறும். துவைத்து முடிந்ததும் மடிப்பைத் துணியால் துடையுங்கள், அடியிலுள்ள சிறு துளைகளில் முடி அடைத்திருந்தால் எடுங்கள், கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அவர்கள் உள்ளே ஏறாதபடி அந்த அறையைப் பூட்டிவிட வேண்டும்.

தோட்டத்துச் சட்டையைப் பற்றி அக்கா ஒன்று கேட்டார்: தேயிலைச் சாறு பட்ட இடம் துவைத்த பிறகு ஏன் கருக்கிறது? சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருளும் மண்ணிலுள்ள இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை போல ஆகிவிடும். சேற்றுத் துணியை முதலில் வாளியில் அலசி, பையை உதறிவிட்டுப் போடச் சொன்னேன். அது பம்புக்கும் நல்லது.

பம்ப் வடிகட்டி முன்பக்கம் கீழ் மூலையில், ஒரு சிறு மூடிக்குப் பின்னால் இருக்கும். எல்ஜியில் "ஓஈ" என்று வந்தால் தண்ணீர் வெளியேறவில்லை என்று பொருள். சுடுதண்ணீர் ஆறும்வரை பொறுத்து, தட்டையான தட்டை அடியில் வைத்து, பக்கத்திலுள்ள சின்னக் குழாயால் வடித்துவிட்டுத் திருகுங்கள். அக்காவின் வடிகட்டியில் இரண்டு பத்துக் காசு, ஒரு கொண்டை ஊசி, தேயிலைக் காம்பு, மிச்சமெல்லாம் செம்மண். வெளியேறும் குழாயையும் பார்த்தேன். வீட்டோர லோங்காங்கில், அதாவது சாக்கடையில், தரையோடு கிடந்தது. அப்படிக் கிடந்தால் ஏறும் தண்ணீர் தானாகவே இறங்கி ஓடிவிடும், மெஷின் நிறைந்து முடியாது. பெரும்பாலான மெஷின்களுக்கு அந்தக் குழாயின் நுனி தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும்.

ஆட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1937இல் பென்டிக்ஸ் கொண்டுவந்த தானியங்கி மெஷினும் முன்கதவு மெஷின்தான். அதிர்வைத் தாங்க ஏற்பாடு இல்லாததால் அதைத் தரையோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டியிருந்தது. காரணம் கணக்கில் தெரியும். 24 சென்டிமீட்டர் ஆரமுள்ள டிரம் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றும்போது, ஒரு பக்கம் ஒதுங்கிய ஒரு கிலோ ஈரத் துண்டு ஏறத்தாழ 385 கிலோ எடைக்குச் சமமாக வெளியே இழுக்கும். அதனால் ஒரே ஒரு கனத்த போர்வையைத் தனியாகப் போடாதீர்கள். மெஷின் சிமெண்டுத் தரையில், நாலு காலும் ஊன்றி நிற்கட்டும். மூலைக்கு மூலை அழுத்தினால் ஆடக்கூடாது. புது மெஷின் குதித்தால், ஏற்றி வரும்போது பூட்டிய போல்டுகள் முதுகில் இன்னும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய மெஷின் சுழலும்போது விமானம் கிளம்புவதுபோல இரைந்தால் அது பேரிங். இதை நீங்கள் கழற்ற வேண்டாம், தொழில் தெரிந்தவரைத் தள்ளிப்போடாமல் கூப்பிடுங்கள்.

லயத்து வீட்டின் பழைய ஒயரிங்கைப் பற்றி எனக்குக் கவலை உண்டு. தண்ணீரைச் சூடாக்கும்போது 2,000 வாட் இழுத்தால் 8 ஆம்பியருக்கு மேல் ஓடும். நீட்டிப்பு ஒயரில் மாட்டாமல் சுவரிலேயே மாட்டுங்கள். இடி மழை நெருங்குவதற்கு முன்பே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.

சல்லடையைத் திரும்பப் பொருத்தி, இரண்டு கரண்டி மட்டும் ஊற்றி ஓட்டினோம். தண்ணீர் சத்தமாக இறங்கியது. சுழன்று நின்றதும் அக்கா கதவை இழுக்கப் போனார். பூட்டு விட ஒன்றிரண்டு நிமிடம் ஆகும், இழுத்தால் கைப்பிடி முறியும் என்றேன். கையை எடுத்துக்கொண்டு, கெட்டிலில் மிச்சமிருந்த தேநீரை எனக்கு ஊற்றினார். குவளை பாதியாவதற்குள் பூட்டு "டக்" என்றது.