நிலத்தின் வெப்பத்தை அளந்து பார்ப்போம்

மார்கழி அதிகாலையில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. சித்திரை நண்பகலில் அதே நீர் குளுமையாக இருக்கிறது. ஏன் என்று ராஜபாளையத்தில் என் ஒன்பதாம் வகுப்பில் கேட்டேன். "தண்ணி மாறுது சார்" என்றார்கள். மாறுவது காற்றுதான். பத்து மீட்டர் ஆழத்தில் நிலத்தின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒன்றே. அது அவ்வூர்க் காற்றின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையை ஒட்டியிருக்கும். நம் மலைக்கு அந்தப் பக்கம், திருவனந்தபுரம் வானாய்வகத்தின் ஜான் கால்டிகாட் 1842-லேயே நீண்ட வெப்பநிலைமானிகளைப் புதைத்து நிலத்தின் வெப்பநிலையை அளக்கத் தொடங்கிவிட்டார்.

இந்த மாறா வெப்பநிலையை நம்பி இயங்குவது நிலவெப்பப் பம்பு. குளிர்நாடுகளில் அது குளிர்காலத்தில் நிலத்திலிருந்து வெப்பத்தை எடுத்து வீட்டுக்குத் தரும். கோடையில் வீட்டு வெப்பத்தை நிலத்துக்குள் விடும். நமக்கோ குளிரூட்டல் மட்டுமே தேவை. ஆண்டு முழுவதும் வெப்பம் கீழேதான் போகும். நிலம் அதைப் பரப்பிவிடாவிட்டால் துளையைச் சுற்றி ஆண்டுக்காண்டு சூடேறும், மின்செலவு கூடும். பிறகு புதிதாகத் துளையிடுவதென்றால் செலவு கொஞ்சமல்ல. எனவே எத்தனை துளை, எவ்வளவு ஆழம் என்பதை முன்பே கணக்கிட வேண்டும்.

அதற்கான சோதனையை 1983-இல் ஸ்டாக்ஹோமில் மோகன்சென் முன்மொழிந்தார். ஒரு துளையில் 'யு' வடிவக் குழாயை இறக்கி, மாறாத மின்திறனில் சூடேற்றிய நீரை இரண்டு நாள்போல் சுற்றவிடுகிறார்கள். உள்ளே போகும் நீர், வெளிவரும் நீர் இரண்டின் வெப்பநிலையும் பதிவாகும். அவற்றின் சராசரியை நேரத்தின் மடக்கைக்கு எதிராக வரைந்தால், தொடக்க மணிநேரங்களுக்குப் பின் நேர்கோடு கிடைக்கும். கோடு எவ்வளவு படுத்திருக்கிறதோ, அவ்வளவு நன்றாக நிலம் வெப்பத்தைக் கடத்துகிறது.

வகுப்பில் இதன் சிறு வடிவம் போதும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி கண்மாய் மணல் கொண்டுவந்தாள். ஒரே அளவான இரு டம்ளர்களில் ஒன்றில் காய்ந்த மணல், மற்றொன்றில் ஈரமணல், நடுவில் வெப்பநிலைமானி. இரண்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தோம். நீரின் தன் வெப்ப ஏற்புத்திறன் அதிகம் என்று படித்த பிள்ளைகள், ஈரமணல் மெதுவாகத்தான் சூடாகும் என்று அடித்துச் சொன்னார்கள். நல்ல ஊகம்தான். ஆனால் ஈரமணலே முந்தியது. காய்ந்த மணலின் இடுக்குகளில் இருப்பது காற்று. அதைவிட நீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

உடனே ஒருவன் கேட்டான்: "அப்போ கண்மாய் வத்துனா பம்பும் சரியா ஓடாதா சார்?" நிலத்தடி நீர் இறங்கினால், மணற்பாங்கான நிலத்தில் துளையின் மேற்பகுதி முன்போல் கடத்தாது, கீழே உள்ள கடும்பாறையில் அவ்வளவு வேறுபாடு இராது. அடுத்த வாரம் டம்ளரில் கருங்கல் ஜல்லியைப் போட்டுப் பார்க்க இருக்கிறோம்.