கப்பல் நிற்கும் நேரமும் கரையிற் காணும் காட்சியும்

அயல்நாட்டில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகள் தம் பெற்றோரை உல்லாசக் கப்பலில் ஏற்றி அனுப்பும் வழக்கம் நம் சங்கத்துக் குடும்பங்களிடையே இப்போது பரவி வருகிறது. வரும் ஜனவரியில் ப்யூனஸ் ஐரிஸ் துறைமுகத்தில் ஏறி, தென்னமெரிக்காவின் தென்கோடியைச் சுற்றிச் சிலி நாட்டில் இறங்கவிருக்கும் அன்பர் ஒருவர், கப்பல் கம்பெனி அனுப்பிய கரைப் பிரயாணப் பட்டியலை என்னிடம் கொடுத்து, "எதை எடுப்பது, எதை விடுவது?" என்று வினவினார். இரயில்வே குமாஸ்தாவிடம் கப்பலைப் பற்றிக் கேட்பானேன் என்று நேயர்கள் நகைக்கலாம். ஆயினும் அப்பட்டியல் ஒரு கால அட்டவணையே அன்றி வேறன்று. கால அட்டவணையைப் படிப்பதே எனக்கு ஜீவனம்.

கப்பல் ஒவ்வொரு துறையிலும் பெரும்பாலும் எட்டு அல்லது பத்து மணி நேரம் நிற்கும். அந்த நேரத்துள் பிரயாணிகளை இறக்கி, பஸ்ஸிலோ படகிலோ அழைத்துச் சென்று, சில காட்சிகளைக் காட்டித் திருப்பிக் கொணர்வதற்குத் தனிக் கட்டணம் உண்டு. பட்டியலில் படங்கள் பெரிதாகவும், தூரமும் நேரமும் பொடி எழுத்திலும் இருக்கும். முதலிற் படிக்க வேண்டியது அந்தப் பொடி எழுத்தையே. புறப்படுவதற்கு அரை மணி முன்னதாகவாவது எல்லோரும் கப்பலேறிவிட வேண்டும். காலையில் இறங்குவதற்கு வரிசையில் நிற்கும் பொழுதையும் கழித்தால், எட்டு மணி ஆறரையாகச் சுருங்கிவிடும்.

கம்பெனியாரே நடத்தும் பிரயாணத்தில் பஸ் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். காத்திருக்க இயலாவிடின் அடுத்த துறைக்கு அவர்கள் செலவிலேயே கொண்டு சேர்ப்பார்கள். நாமே வாடகைக் கார் பேசிக்கொண்டு போய்த் தாமதித்தாலோ, கப்பல் போய்விடும். அடுத்த துறைக்குச் செல்லும் செலவும் அலைச்சலும் நம்முடையவை. ஆகவே, தூரத்து இடமாயின் கம்பெனியார் சீட்டு, துறையை அடுத்த இடமாயின் நம் கால்கள் என்று அன்பரிடம் கூறினேன். மாண்டிவிடியோவில் சீட்டே வேண்டுவதில்லை. கப்பலை விட்டு இறங்கியதும் எதிரே பழைய நகரம். நடந்தே பார்த்து வரலாம்.

துறைமுகத்தின் பெயரை நம்பி ஏமாறுவோர் பலர். இகுவாசு நீர்வீழ்ச்சி ப்யூனஸ் ஐரிஸிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. விமானமேறிப் போக வேண்டிய அதனைக் கப்பலேறுவதற்கு முன்பே பார்த்துவிடுவது நலம். புந்தா அரேனாஸில் நிற்கும் கப்பலிலிருந்து டோரெஸ் டெல் பைனே மலைகளைக் காணச் செல்வோர், போக 300 கிலோமீட்டருக்கு மேலும், வர அவ்வளவும் பஸ்ஸிலேயே கழிக்க வேண்டும். பெரு நாட்டுக் கரைக்குச் செல்லும் கப்பல்களின் பட்டியலில் மாச்சு பிக்சுவின் படம் இருக்கும். கயாவோ துறையிலிருந்து அதனை ஒரே நாளில் கண்டு மீள இயலாது. விமானத்தில் குஸ்கோவுக்குச் சென்று, அங்கிருந்து இரயிலேற வேண்டும். குஸ்கோ சுமார் 3,400 மீட்டர் உயரத்தில் உள்ளது. மூச்சிரைப்புள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் பணம் கட்டலாகாது.

அன்பருக்கு முழங்கால் வலி. அவர் மனைவியாருக்கோ பெங்குவினைக் காணாமல் திரும்புவதில்லை என்னும் உறுதி. இவ்விரண்டையும் பொருத்துவதிலேதான் எனக்குப் பொழுது மிகச் சென்றது.

அர்ஜென்டினாவின் புவெர்ட்டோ மாட்ரின் துறையிலிருந்து புந்தா டோம்போ சுமார் 180 கிலோமீட்டர். செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே பெங்குவின்கள் பெருங்கூட்டமாக இருக்கும். ஆயினும் அதற்கு விலை, போக வர 360 கிலோமீட்டர் பஸ்ஸில் உட்கார்ந்திருத்தல். அதே துறைக்கு வடக்கே வால்டெஸ் தீபகற்பம் இருக்கிறது. அப்பெயரைக் கேட்டதும் திமிங்கிலம் நினைவுக்கு வரும். அவை ஜூன் முதல் டிசம்பர் வரையே அங்குத் தங்குகின்றன. ஜனவரியிற் செல்வோருக்குக் கடற்சிங்கங்களும் யானைச் சீல்களுமே காட்சி தரும்.

பட்டியலின் அடியில் எவரும் கவனியாத மூன்றாவது ஒன்றும் உண்டு. அது கைமான் என்னும் சிற்றூர். 1865-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் நாள், 'மிமோசா' என்ற கப்பலில் வேல்ஸ் நாட்டார் ஏறக்குறைய 150 பேர் இக்கரையில் வந்திறங்கினர். தம் தாய்மொழி ஆங்கிலத்தால் நலிவதைப் பொறாமல், அம்மொழியிலேயே பிள்ளைகளை வளர்க்க ஓரிடம் தேடி வந்தவர்கள் அவர்கள். வறண்ட நிலத்திற் சுபுட் ஆற்று நீரைக் கால்வாய் வெட்டிப் பாய்ச்சிப் பயிர் செய்தனர். இன்று அவர்கள் வழித்தோன்றல்கள் ஸ்பானிய மொழி பேசும் அர்ஜென்டினியரே. எனினும் கைமானில் வெல்ஷ் மொழியும் ஸ்பானிய மொழியும் கற்பிக்கும் பள்ளி நடைபெறுகிறது. பாட்டிற்கும் கவிதைக்கும் போட்டி விழா நடைபெறுகிறது. தேநீர் விடுதிகளில் ரொட்டி, வெண்ணெய், கேக்கு வகைகளோடு தேநீர் தருகிறார்கள். மரக்கறி உண்போருக்கும் சங்கடமில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பிற்கு இழுத்து வர அரும்பாடுபடும் நமக்கு, பெங்குவினைக் காட்டிலும் இவ்வூரில் விஷயம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். வெல்ஷ்காரர் காலத்தில் துறைமுகத்தையும் ஆற்றுப் பள்ளத்தாக்கையும் இணைத்து ஓடிய இரயில் பாதை 1961-இல் மூடப்பட்டுவிட்டது. அது இருந்திருப்பின் அன்பரின் முழங்காலுக்குப் பஸ் வேண்டியிராது.

அப்படியானால் பெங்குவின்? அடுத்த துறையாகிய ஃபாக்லாந்துத் தீவின் ஸ்டான்லியில், நகரிலிருந்து ஆறேழு கிலோமீட்டரில் ஜிப்சி கோவ் என்னுமிடத்தில் மெகல்லன் பெங்குவின்களைக் காணலாம், நடை சொற்பமே. வாலண்டியர் பாயிண்டில் அரசப் பெங்குவின்கள் உள்ளன. ஆனால் அங்குச் செல்ல, பாதையற்ற புல்வெளியில் ஜீப்பிற் குலுங்க வேண்டும். பெரிய கப்பல்கள் ஸ்டான்லியிற் கரையை அணையா. வெளியே நங்கூரமிட்டு, சிறு படகுகளில் ஆட்களை இறக்கும். காற்று பலமாயின் இறக்காமலே போய்விடுவதும் உண்டு. கம்பெனியாரிடம் வாங்கிய சீட்டாயின் பணம் திரும்பி வரும். தனியாரிடம் முன்பணம் கட்டுவோர் திருப்பித் தரும் நிபந்தனையை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

ஸ்டான்லியைக் காற்று பறித்துக்கொண்டால், அதற்குப் பின்வரும் உஷுவாயாவில் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. பீகிள் கால்வாயிற் படகேறி மார்ட்டில்யோ தீவருகே சென்றால், படகிலிருந்தபடியே பெங்குவின்களைப் பார்க்கலாம். முழங்காலுக்கு வேலையே இல்லை. ஆகையால் உஷுவாயாச் சீட்டை ஊரிலிருந்தே வாங்காமல், ஸ்டான்லியின் முடிவு தெரிந்தபின் கப்பலில் வாங்குமாறு கூறினேன். இடம் தீர்ந்துபோகலாம் என்பது இதிலுள்ள குறை.

ஸ்டான்லியில் பெங்குவின் கிட்டிவிட்டால், உஷுவாயாவில் உலகக் கோடி இரயிலை எடுத்துக்கொள்ளட்டும். இது என் பட்சபாதம். சிறைக் கைதிகள் விறகு வெட்டச் சென்று வந்த பாதையில், 1994 முதல் பிரயாணிகளுக்காக ஓடுகிறது. தண்டவாளங்களின் இடைவெளி 500 மில்லிமீட்டர். நம் டார்ஜீலிங் இரயிலுக்கே 610. ஓடுவது ஏழு கிலோமீட்டர்தான். அங்கிருந்து தேசியப் பூங்காவைப் பஸ்ஸில் சுற்றித் திரும்பலாம்.

உணவு பற்றி ஒரு வார்த்தை. பண்ணை வீட்டு விருந்து என்று பட்டியலில் இருந்தால், அது இறைச்சியை நெருப்பில் வாட்டிப் பரிமாறும் விருந்தே. சைவ உணவினர் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். கப்பலிலிருந்து வாழைப்பழமும் ஆப்பிளும் பையிற் போட்டுக்கொண்டு சிலியில் இறங்கலாகாது. பழம், காய், விதை, தேன் ஆகியவற்றைத் தடுக்கும் சட்டம் அங்கே கடுமையானது, மீறினால் அபராதம் விதிப்பார்கள். பையிலுள்ள உணவு எதுவாயினும் படிவத்தில் மறைக்காமல் எழுதிவிட்டு, பழத்தைக் கப்பலிலேயே உண்டு முடித்து இறங்க வேண்டும்.